உடைமைக் காப்புறுதி: ஒரு விளக்கம்

மனிதன் உழைத்துத் தேடிய பொருள் என்றும் அவனோடு நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நெருப்பு, நீர், காற்று, கள்வர் என்னும் நான்கும் எக்காலத்தும் அதற்குப் பகையாய் உள்ளன. இவற்றுள் ஒன்றையேனும் முற்றாகத் தடுத்துவிடுதல் எவர்க்கும் இயலாது. பூட்டும் மதிலும் கள்வனைத் தாமதப்படுத்துமேயன்றி அவனை இல்லாமற் செய்யா. ஆகவே, பொருள் அழியாதிருக்க வழி தேடியதோடு, அழிந்தவிடத்து அதன் பெறுமதியை மீட்கவும் மக்கள் வழி தேடலாயினர். அவ்வழியே காப்புறுதி எனப்படும். தமிழகத்தார் இதனைக் காப்பீடு என வழங்குவர். ஆயுட் காப்புறுதி பற்றி நம்மவர் ஓரளவு அறிவர். வாகனக் காப்புறுதி சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டமையின் அதனையும் அறிவர். வீட்டையும் வீட்டிலுள்ள பொருள்களையும் பற்றிய உடைமைக் காப்புறுதியோ நம்மிடையே பெரிதும் அறியப்படாத ஒன்றாகவே உள்ளது. அதன் இயல்பையும், அதனால் நாம் பெறக்கூடியது யாது, பெறமுடியாதது யாது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனைக் கரையில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுப் பொருளன்று. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி கூரைகளையும் தென்னந் தோட்டங்களையும் ஒருங்கே வீழ்த்திச் சென்றதை முதியோர் இன்றும் கூறுவர். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களில் கடலை அடுத்திருந்த தெருக்கள் தெருக்களாகவே இல்லாதொழிந்தன. மருதமுனையிற் சாரமும் சேலையும் நெய்த கைத்தறிகள் பாவோடும் நூலோடும் அள்ளுண்டு போயின. உயிரிழப்பின் முன்னர்ப் பொருளிழப்பைப் பேசுதல் தகாது. ஆயினும், எஞ்சிய உயிர்கள் வாழ்ந்தாகவேண்டுமே! அவ்வாறு எஞ்சியோருள் தம் வீட்டுக்குக் காப்புறுதி செய்திருந்தோர் மிகச் சிலரேயாவர்.

அப்பேரழிவின் பின்னர் முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாவும், பகுதியாகச் சேதமுற்ற வீட்டுக்கு ஓர் இலட்சம் ரூபாவும் என அரசாங்கத் திட்டத்தின்கீழ் உதவி வழங்கப்பட்டது. எனினும் கிழக்கிலே கடலிலிருந்து இருநூறு மீற்றர் எல்லைக்குள் மீளக் கட்டுதல் முதலில் தடுக்கப்பட்டமையால், பல குடும்பங்கள் வேறிடத்தில் வீடு பெறுவதற்கு நெடுங்காலம் காத்திருந்தன. கிடைத்த உதவியை நன்றியோடு நினைத்தல் வேண்டும். அஃது எத்தன்மைத்து என்பதையும் உணர்தல் வேண்டும். நிவாரணம் என்பது கொடுப்போர் இரக்கத்தையும் அரசின் நிதி நிலையையும் பொறுத்தது. இன்ன தொகையை இன்ன நாளிலே தருக என நாம் கேட்டல் இயலாது. காப்புறுதியோ நாம் முன்னரே விலை கொடுத்து வாங்கிய உரிமை. உடன்படிக்கையிற் குறித்த இழப்பு நேரின், குறித்த தொகையை நிமிர்ந்து நின்று கேட்கலாம். மறுக்கப்படின் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். இரத்தலுக்கும் பெறுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வுரிமை நம் பகுதிக்குச் சிறப்பாக வேண்டப்படுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கிழக்குக் கரையிலே தமிழராயினும் முஸ்லிம்களாயினும் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தல் நெடுங்கால வழக்கம். தந்தை வயலில் உழைத்ததும், மகன் மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்து அனுப்பியதும், தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்ததும் எல்லாம் ஒரு வீடாகவும் சில பவுண் நகையாகவும் உருமாறி ஓரிடத்திலே குவிகின்றன. ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரு கூரையின் கீழ் இருக்குமாயின், ஓர் இரவின் நெருப்போ ஒரு கள்வனின் வரவோ அத்தலைமுறையின் உழைப்பு முழுவதையும் அழித்துவிடக்கூடுமன்றோ?

இனி, காப்புறுதி எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்குவாம். நம் ஊர்களிலுள்ள மரண உதவிச் சங்கங்களை அறியாதார் இலர். உறுப்பினர் எல்லாரும் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துவர். மரணம் நேர்ந்த வீட்டுக்குச் சங்கம் உதவும். காப்புறுதியின் கருவும் இதுவே. ஆயிரம் வீடுகள் ஒன்றுசேர்ந்துள்ளன என்றும், ஒவ்வொன்றின் பெறுமதி ஐம்பது இலட்சம் ரூபா என்றும், ஆண்டொன்றுக்கு அவற்றுள் இரண்டு தீக்கிரையாகின்றன என்றும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மொத்த இழப்பு ஒரு கோடி ரூபா. அதனை ஆயிரம் வீட்டாரும் பகிர்ந்தால் ஒருவர்க்குப் பத்தாயிரம் ரூபாவே ஆகும். நிருவாகச் செலவும் ஊதியமும் சேர அத்தொகை சற்று உயரும். இவ்வாறு செலுத்தப்படுவதே கட்டுப்பணம். எந்த இரண்டு வீடுகள் எரியும் என்பதை எவரும் அறியார். ஏறத்தாழ எத்தனை எரியும் என்பதைப் பல்லாண்டுக் கணக்கினால் அறியலாம். தனி மனிதன் அறிய இயலாததைத் தொகை அறிவிக்கின்றது; இவ்வுண்மையின் மீதே காப்புறுதித் தொழில் முழுவதும் நிற்கின்றது.

ஆயின் தீயும் களவும் வீடு வீடாக வருவன. கடலும் புயலும் ஊர் ஊராக வருவன. ஆயிரம் வீடுகளும் ஒரே காலையில் அழியுமாயின் மேற்கூறிய கணக்கு நில்லாது. இதனாலேயே காப்புறுதி நிறுவனங்கள் தாம் ஏற்ற பொறுப்பின் ஒரு பகுதியைப் பிற நாட்டு நிறுவனங்களிடம் மீண்டும் காப்புறுதி செய்கின்றன. இது மீள்காப்புறுதி எனப்படும். வெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை முதலிய இயற்கை இடர்களைச் சாதாரண தீக்காப்புறுதிப் பத்திரத்தின் அடிப்படைப் பகுதி பெரும்பாலும் உள்ளடக்காமைக்கும், அவற்றுக்கு மேலதிகக் கட்டணம் கேட்கப்படுதற்கும் இதுவே காரணம். கலவரத்தால் நேரும் அழிவும் இத்தன்மைத்தே. 1983 ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின்னர், கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பை அளிப்பதற்கென அரசே ஒரு நிதியத்தை ஏற்படுத்த நேர்ந்தது. வீட்டின் பத்திரத்தில் ‘தீ’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கப் புயலுக்கு நட்டஈடு கேட்போர் ஏமாற்றம் அடைவது இவ்வேறுபாட்டை அறியாமையினாலேயாம்.

இம்முறை நெடிய வரலாறு உடையது. இன்று நமக்குக் கிடைக்கும் பழைய கடற் காப்புறுதி ஒப்பந்தங்களுள் ஒன்று இத்தாலியின் செனோவா நகரில் 1347 ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. கப்பலுக்குப் பிறந்த காப்பு வீட்டுக்கு வருதற்கு ஒரு பெருந்தீ வேண்டியிருந்தது. 1666 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் எரிந்த பின்னரே, 1680-களில் நிக்கலசு பார்பன் என்பார் அங்கே வீடுகளுக்கான தீக்காப்புறுதியைத் தொழிலாக நடத்தினார். நம் நாட்டில் 1961 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. 1964 இற் பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமையாயிற்று. 1980-களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்கட்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. நெல் விளையும் நம் மாவட்டத்து விவசாயிகளோ வீட்டுக் காப்புறுதிக்கு முன்னரே பயிர்க் காப்புறுதியை அறிந்தவர்கள். இந்நாட்டில் நெற்பயிர்க் காப்புறுதி 1958 இலேயே பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது.

காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படைகள் மூன்று. தீக்காப்புறுதி முதலிய சில துறைகளில் ஆங்கிலச் சட்டமே இலங்கையிற் பின்பற்றப்படல் வேண்டும் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விதிக்கப்பட்டமையால், ஆங்கில நீதிமன்றத் தீர்ப்புகள் இவற்றை விளங்கிக்கொள்ள நமக்குத் துணைசெய்யும்.

முதலாவது, காப்புறுதி நலன். ஒரு பொருள் அழியின் எவர்க்கு இழப்பு நேருமோ அவரே அதனைக் காப்புறுதி செய்தற்கு உரியர். அயலான் வீட்டைக் காப்புறுதி செய்து அஃது எரிய வேண்டுமெனக் காத்திருத்தல் சூதாட்டம் ஆகும். இங்கிலாந்திற் பதினெட்டாம் நூற்றாண்டில் அறியாதார் உயிர்மீதும் பந்தயம் கட்டும் வழக்கம் பரவியமையால், 1774 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. இவ்விதி நம் ஊர்க்கு நேரே பொருந்தும். வீட்டு உறுதி மனைவியின் பெயரில் இருக்க, காப்புறுதிப் பத்திரத்தைக் கணவன் தன் பெயரில் மட்டும் எடுத்தல் இங்குப் பெருவழக்கு. இழப்பு நேர்ந்தபின் ‘உரித்தாளர் யார்?’ என்னும் வினா எழும். பத்திரம் உறுதியிலுள்ள பெயரில், அல்லது இருவர் பெயரிலும் இருத்தலே தக்கது.

இரண்டாவது, நிறைந்த நன்னம்பிக்கை. 1766 இல் மான்ஸ்பீல்டுப் பிரபு தீர்த்த வழக்கொன்று இதற்கு அடிப்படை. சுமாத்திராத் தீவின் மால்பரோக் கோட்டையின் ஆளுநர் காட்டர் என்பார், கோட்டை பகைவர் கைப்படுதலுக்கு எதிராகக் காப்புறுதி செய்திருந்தார். 1760 இற் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். உண்மைகள் மறைக்கப்பட்டன எனக் கூறி நட்டஈடு மறுக்கப்பட்டது. தீர்ப்பு காட்டர்க்குச் சார்பாகவே முடிந்ததாயினும், தான் மட்டுமே அறிந்த முக்கிய செய்திகளைக் காப்புறுதி செய்வோன் மறைத்தலாகாது என்னும் நெறி அவ்வழக்கிலேதான் நிலைநாட்டப்பட்டது. வீட்டின் ஒரு பகுதியிற் கடை நடத்துவதையும், கூரை எதனால் ஆனது என்பதையும், முன்னர் நேர்ந்த களவையும் விண்ணப்பப் படிவத்தில் உள்ளவாறே எழுதுதல் வேண்டும். முகவர் நிரப்பிக் கொணரும் படிவத்தில் வாசியாது கையொப்பம் இடுவோர், பிறர் கூற்றுக்குத் தாம் பிணை நிற்கின்றனர் என்பதை உணர்தல் நன்று.

மூன்றாவது, நட்டஈட்டுத் தத்துவம். காப்புறுதி இழந்ததைத் தரும். இழந்ததற்கு மேல் தராது. இங்கிலாந்தில் ஒருவர் தம் வீட்டை விற்க உடன்பட்டபின், விற்பனை முடியுமுன் அது தீயாற் சேதமுற்றது. அவர் காப்புறுதி நிறுவனத்திடம் 330 பவுண் பெற்றார். பின்னர் வாங்குவோரிடம் முழு விலையையும் பெற்றார். 1883 இல் முடிந்த வழக்கிலே அந்த 330 பவுணைத் திருப்பிக் கொடுக்குமாறு தீர்க்கப்பட்டது. ஒரே இழப்புக்கு இருமுறை பெறுதல் இல்லை என்பதே அத்தீர்ப்பின் பொருள்.

சூது, நிச்சயமின்மை, வட்டி ஆகியன கலந்துள்ளமையால் வழக்கமான காப்புறுதியை ஏற்கத் தயங்குவோர் முஸ்லிம் மக்களிடையே பலர். அத்தயக்கம் அறியாமையன்று, சமயச் சட்ட அறிஞரின் ஆய்விலிருந்து எழுந்தது. அதற்கு விடையாகவே தகாபுல் என்னும் முறை உருவாயிற்று. அதிற் பங்காளர் செலுத்தும் தொகை ஒருவர்க்கொருவர் உதவும் கொடையாகக் கொள்ளப்படும். நிதி வட்டியில்லாத் துறைகளில் இடப்படும். நடத்துவோர் அந்நிதியை நிருவகிப்போரேயன்றி அதன் உடைமையாளர் அல்லர். இலங்கையில் இம்முறை 1999 ஆம் ஆண்டளவில் அறிமுகமாயிற்று. வழி எதுவாயினும், மேற்கூறிய மூன்று நெறிகளும் படிவத்தின் உண்மையும் இரண்டுக்கும் பொதுவானவையே.

இனிக் களவைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். இங்கேதான் மக்கள் பெரிதும் மயங்குகின்றனர். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 366 ஆம் பிரிவின்படி, ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு எடுக்கக் கருதி அசைத்தலே களவாகிவிடும். காப்புறுதிப் பத்திரத்திற் ‘களவு’ என்பதன் பொருள் பெரும்பாலும் இதனினும் குறுகியது. கதவையோ சாளரத்தையோ உடைத்து வன்முறையால் உட்புகுந்தமைக்கு அடையாளம் இருத்தல் வேண்டும் என்று பல பத்திரங்கள் கூறும். திறந்து கிடந்த வாயில்வழி நுழைந்தவன் எடுத்ததும், வீட்டாரும் வேலையாளும் எடுத்ததும் அவற்றில் அடங்கா. காசும் காணி உறுதிகளும் பெரும்பாலும் விலக்கப்படும்; அன்றேற் சிறு எல்லைக்குள் மட்டுமே ஏற்கப்படும். நகைக்குத் தனி எல்லை உண்டு. அதற்கு மேற்பட்டவற்றை நிறையும் பெறுமதியும் குறித்துத் தனித்தனியே பட்டியலிடல் வேண்டும். வீடு தொடர்ந்து பல நாள் ஆளின்றிப் பூட்டிக் கிடப்பின் களவுக் காப்பு நின்றுவிடும் என்னும் நிபந்தனையும் பல பத்திரங்களில் உண்டு. ஹஜ்ஜுக்கோ, கதிர்காம யாத்திரைக்கோ, கொழும்பிலுள்ள பிள்ளைகளிடமோ செல்வோர் புறப்படுமுன் தம் பத்திரத்தில் அந்நாட்கணக்கைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, காப்புறுதித் தொகையைப் பற்றியது. இதனை விளக்குதற்கு எனக்கு நேர்ந்ததையே கூறுகின்றேன். வணிகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியன் யான். காப்புறுதித் தத்துவங்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி மாணவர்க்கு மனத்திற் பதியவைப்பவன். பல ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டுக்கடன் பெற்றபோது, கடன் தந்தோர் வேண்டியதால் முப்பது இலட்சம் ரூபாவுக்கு வீட்டைக் காப்புறுதி செய்தேன். அது கடனின் தொகையேயன்றி வீட்டின் பெறுமதியன்று. ஆண்டுதோறும் கட்டுப்பணம் செலுத்தினேன். பத்திரத்தை ஒருநாளும் விரித்துப் பார்த்திலேன். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்க டொலரொன்றின் விலை ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறிற்று. சீமெந்தும் இரும்பும் ஓடும் அதற்கேற்ப ஏறின. என் பத்திரத்திலுள்ள தொகை மட்டும் ஏறாது நின்றது. அதற்கு அடுத்த ஆண்டில் மின்னிணைப்பின் பழுதாற் சமையலறையும் அதனை அடுத்த அறையும் எரிந்தன. திருத்தும் செலவு ஒன்பது இலட்சம் ரூபா.

மதிப்பீட்டாளர் வந்து எரிந்த பகுதியைப் பார்த்தபின், எரியாத பகுதியையும் சுற்றிப் பார்த்தார். “சேர், இந்த வீட்டை முழுவதும் திரும்பக் கட்டுவதென்றால் எவ்வளவு செல்லும்?” என்று கேட்டார். தொண்ணூறு இலட்சம் வேண்டும் என்றேன், சற்றுப் பெருமிதத்தோடு. அவர் அதனைக் குறித்துக்கொண்டார். அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. பத்திரத்தில் ‘சராசரி நிபந்தனை’ என்று ஒன்று இருந்தது. பெறுமதிக்குக் குறைவாகக் காப்புறுதி செய்வோன், குறைந்த பங்குக்குத் தானே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. தொண்ணூறில் முப்பது மூன்றிலொரு பங்கு. ஆகவே ஒன்பது இலட்சத்தில் மூன்றிலொரு பங்காகிய மூன்று இலட்சமே எனக்குரியது. முப்பது இலட்சம்வரை முழு நட்டமும் கிடைக்கும் என்று எண்ணியிருந்த யான் வாயடைத்து நின்றேன். எவரும் என்னை ஏமாற்றவில்லை. அந்நிபந்தனை முதல்நாள் தொட்டே என் கையொப்பத்தின் மேல் இருந்தது. வீடு மனைவியினது, அவள் தாய் தந்தையர் வயல் விற்றுக் கட்டிக் கொடுத்தது. எஞ்சிய ஆறு இலட்சத்துக்கு அவளுடைய வளையல்கள் அடகுக்குச் சென்றன. அடுத்த தவணையில் அதே பாடத்தை வகுப்பிற் கற்பிக்கையில் என் குரல் முன்போல் எழவில்லை.

இதிலிருந்து பெறப்படுவன சில. காப்புறுதித் தொகை கடனின் அளவாகவோ வாங்கிய விலையாகவோ இருத்தலாகாது; மீளக் கட்டும் செலவாக இருத்தல் வேண்டும். காணியின் விலையை அதிற் சேர்த்தல் வேண்டா. பெரும்பாலும் காணி எரிவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது தொகையை மீள நோக்குதல் வேண்டும். தளபாடம், தையற் பொறி, குளிரூட்டி, நகை ஆகியவற்றுக்குப் பட்டியலும் பற்றுச்சீட்டும் நிழற்படமும் வைத்திருத்தல் வேண்டும். அவற்றின் பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைத்தல் இன்றியமையாதது; ஆழிப்பேரலை வீட்டோடு வீட்டுறுதியையும் அள்ளிச் சென்றதை நாம் கண்டோமன்றோ? இழப்பு நேர்ந்தவுடன் நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். களவாயின் பொலிஸ் நிலையத்தில் உடனே முறைப்பாடு பதிதல் வேண்டும். மதிப்பீட்டாளர் பார்க்குமுன் சேதமுற்றவற்றை அப்புறப்படுத்தலாகாது. கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்படுவதாகத் தோன்றின், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும் எழுதலாம்.

காப்புறுதி கடலைத் தடுக்காது, கள்வனைப் பிடிக்காது, இழந்த உயிர்க்கும் தாயின் கைபட்ட பழம்பொருளுக்கும் ஈடு தராது. மீண்டும் ஒரு கூரையை எழுப்புதற்கு எவர் முன்னும் கைநீட்டாது நிற்கும் உரிமையை மட்டும் அது தரும். அவ்வுரிமையும் பத்திரத்திலுள்ள சொற்களின் எல்லைக்குள் அடங்கியதே. ஆகையால் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் ஆகிய இம்மலரின் வாசகர்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. பத்திரம் உடையோர் அதனை இழப்பின் பின்னன்று, இன்றே வாசியுங்கள். இல்லாதோர் தம் வீட்டை மீளக் கட்ட எவ்வளவு செல்லும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அத்தொகையைக் கண்டபின் யாது செய்வது என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.